காந்தம் ஒட்டாத இடம்

துலூத்தில் மார்ச் மாதம்.
ஏரி இன்னும் வெள்ளைத் தகடாய்க் கிடந்தது,
தெருவெல்லாம் உப்பு.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்வார்கள்.
இங்கே உப்பை மறக்காமல் இருப்பது
இரும்பு மட்டும்தான்.

ரெய்னோ காந்தோலாவின் ஷெட்டில்
உப்புப் படாத வண்டி ஒன்று.
ஸ்டூட்பேக்கர் ஹாக், ஐம்பத்தேழாம் வருஷத்தது.
பின்னால் இரண்டு செதில்,
முன்னால் ஏதோ சொல்லவந்து நிறுத்திய வாய்.

"கம்பெனி போட்ட விலையைப் பாருங்கள்"
என்று காகிதத்தை நீட்டினார்.
வயது கூடக்கூட விலை தேயும் அட்டவணை,
கடைசிக் கட்டத்துக்கு அப்பாலும்
வண்டி ஓடிக்கொண்டிருந்தது.
ஆகவே தொள்ளாயிரம் டாலர்.
"முன் பம்பருக்கே ஆயிரத்து நூறு கொடுத்தேன்!"

நான் மதிப்பிடுகிறவள்.
டார்ச், பெயிண்டின் கனம் பார்க்கும் கருவி,
துணி சுற்றிய சின்னக் காந்தம், அவ்வளவுதான் என் பை.
ஒத்துக்கொண்ட மதிப்பு என்று ஒன்று உண்டு என்றேன்.
இன்றே ஒரு தொகை எழுதிக்கொள்வது.
எரிந்தாலும் களவுபோனாலும்
பிறகு பேரம் கிடையாது.

"நாற்பத்தோராயிரம்" என்றார்,
கூரையைப் பார்த்துக்கொண்டு.

காந்தத்தை உருட்டிக்கொண்டே போனேன்.
கதவு, கூரை, வால். டக், டக் என்று ஒட்டியது.
இடது சக்கரத்துக்கு மேலே
கையகலத்தில்
நழுவி விழுந்தது.
"அங்கே எல்லாம் அசல் தகடுதான்" என்றார் ரெய்னோ.
காந்தம் தரையில் கிடந்தது.
நான் எழுதிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்துப் பின்னிரவில் போன்.
குரல் மெலிந்திருந்தது.
"இன்னொரு கடிதம் வேண்டும்.
கோர்ட்டுக்கு.
எட்டாயிரம் என்று போட முடியுமா?"

யானை இருந்தாலும் ஆயிரம் பொன்,
இறந்தாலும் ஆயிரம் பொன்.
சொன்னவர்கள்
விவாகரத்தில் யானை என்ன விலை என்று
சொல்லாமல் போய்விட்டார்கள்.

மறுநாள் கார்லிஸ் வந்தாள்,
செருப்புப் பெட்டி நிறைய ரசீதுகளோடு.
மின்விசிறிப் பெல்ட், மிசௌரியிலிருந்து வந்த கண்ணாடி,
பெட்ரோல் தொட்டிக்குப் போட்ட ஒட்டு.
எல்லாவற்றிலும் தேதி அவள் கையெழுத்தில்.
பதினொரு குளிர்காலம்
வண்டிக்கு அடியில் படுத்தவருக்கு
விளக்குப் பிடித்திருக்கிறாள்.
"கொஞ்சம் இடப்பக்கம்" என்பதைத் தவிர
அந்தப் பதினொன்றில்
அவர் பேசியது நினைவில்லை என்றாள்.

"இடது சக்கரத்துக்கு மேலே பார்த்தீர்களா?"
பார்த்தேன்.
"அது பசை. தேய்த்தது நான்.
விரல் எரிந்தது ஒரு வாரம்.
அதற்கும் குறைத்துப் போடுங்கள்,
எனக்கு வரவேண்டியது குறைந்தாலும் சரி."

பிறகு, பெட்டியை மூடியபடி:
"பணம் பெரிதில்லை.
இது இவ்வளவு பெறும் என்று
என் முன்னால் அவர் ஒருதடவை
கையெழுத்துப் போடவேண்டும்."

விளக்குப் பிடித்ததற்கு
என் படிவத்தில் கட்டம் இல்லை.
தேடினேன் என்பது உண்மை.

முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு.
இரண்டு கடிதத்திலும் அதே எண்,
அதே மை.
எரிந்துபோனால் வரும் தொகை அது,
எரியாமல் இருப்பதற்குப்
பாதி கொடுக்கவேண்டிய தொகையும் அதுவே.

ஷெட்டில் பேனா உறைந்துவிட்டது.
ரெய்னோ அதைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்கினார்.
கம்பெனிக்கான தாளில் சரசரவென்று போட்டார்.
அடுத்த தாளைக்
கண்ணாடி இல்லாமல் படிப்பதுபோல்
தூரத்தில் பிடித்துக்கொண்டு நின்றார்.

சட்டென்று வெளிச்சம் போதவில்லை என்றார்.

கார்லிஸ் டார்ச்சை எடுத்தாள்.
பழக்கம்.
தாளின் அடிக்கோட்டில் வட்டமாய் விழுந்தது ஒளி.
"கொஞ்சம் இடப்பக்கம்" என்று
வாயெடுத்தவர்
நிறுத்திக்கொண்டார்.

வெளியே உப்பு லாரி போயிற்று.
நான் காந்தத்தைத் துணியில் சுற்றினேன்.